நண்டு கடித்தும் கத்தாத மனிதர்

நண்டு அவருடைய இடது கைச் சின்னவிரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது. அவர் என்னோடு கதைத்துக்கொண்டு நின்றார்.

ஏதோ குஞ்சு நண்டு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வாவியில் கண்டல் வேர்களுக்குள் கிடந்து கொழுத்த நண்டு. அதன் கொடுக்கை உடைக்க அம்மிக் குழவி வேண்டும். அந்தக் கொடுக்குத்தான் விரலின் நடுக்கணுவில் இறங்கியிருந்தது. இரத்தம் சொட்டி அவருடைய சாரத்தின் கரையை நனைத்துக்கொண்டிருந்தது. அவரோ, "கிணத்துக்கு மருந்து போட வாறண்டு சொன்னீங்க, ஆளையே காணல்லயே ஐயா" என்று என்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"யோகன், கையைப் பாருங்க" என்றேன்.

குனிந்து பார்த்தார். "அட, இவரு இஞ்ச இருக்காரா?" என்று கேட்டபடி கொடுக்கைத் திருகிப் பிடுங்கினார். அதே கையோடு நண்டைக் கயிற்றால் கட்டிக் கூடைக்குள் போட்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நண்டு எடுக்க வந்திருந்த காத்தான்குடி வியாபாரி, "இவர்ர கை கையில்ல ஐயா, மரம்" என்றார். யோகனுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊருக்கு வராத நோயும் வந்த நோயும்

போன வாரம் இந்தப் பத்தியில் எலிக்காய்ச்சலைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி, "ஊரில எல்லாரும் காதல் கதை எழுதுறாங்க, நீங்க மட்டும் எலி மூத்திரத்தப் பத்தி எழுதுறீங்க" என்றாள். என்ன செய்வது? முப்பது வருடத்துக்கு மேல் பொதுச் சுகாதாரப் பரிசோதகனாக வேலை பார்த்தவனுக்கு வேறு என்ன நினைவு வரும்? கிணறு, கக்கூசு, நுளம்பு, சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம். இவைதான் என் சீவியம்.

பெரியகல்லாற்றுப் பக்கம் சுனாமி என்று கடல் வந்துபோன மறுகிழமை, வெளியூரிலிருந்து வந்த எல்லோரும் கொலரா வரப்போகிறது என்றார்கள். மருந்துப் பெட்டிகள் மலைபோல் வந்து இறங்கின. நான் குளோரின் மணம் உடம்பில் ஊறிப்போக ஊறிப்போகக் கிணறு கிணறாக அலைந்தேன். கொலரா வரவில்லை. வந்தவை எல்லாம் வழக்கமான ஆட்கள்: சொறி, சிரங்கு, வயிற்றோட்டம், கண்நோய். ஒரு பள்ளிக்கூட முகாமில் அம்மாள் வருத்தம் என்கிற சின்னம்மை புகுந்தது. முகாமில் இருந்த பெண்கள் யார் சொல்லையும் கேட்காமல் ஒரு வகுப்பறையைக் காலி செய்து, வாசலில் வேப்பிலை கட்டி, நோய் வந்த பிள்ளைகளை அதற்குள் வைத்து ஆட்களை வரவிடாமல் மறித்தார்கள். நானும் அதையேதான் சொல்லப் போயிருந்தேன். எனக்கு வேலை மிச்சம்.

அந்த முகாமில்தான் யோகனின் பெயரை முதலில் கேட்டேன். பொதுச் சமையலில் அடுப்பிலிருந்து சோற்றுக் கிடாரத்தை வெறுங்கையால் இறக்குகிறவர் என்று சொன்னார்கள். துணி வேண்டாம், சாக்கு வேண்டாம். பெண்கள் அவருக்கு 'இரும்புக்கையன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கடல் அவருடைய தாயையும் அக்காவையும் ஒரே காலையில் கொண்டுபோயிருந்தது. அந்த வேதனையில் மனிதருக்குச் சூடு கூடத் தெரியவில்லை என்று சிலர் விளக்கமும் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு சில மாதங்கள் எங்கள் பக்கத்தில் யாரும் கடல்மீன் தின்னவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. வாவி நண்டுக்கும் அதே கதிதான். பிறகு மெல்ல மெல்ல வாய் பழையபடி திரும்பியது. யோகனும் நண்டுக்குக் கூடு வைக்கத் தொடங்கினார். பிடித்த நண்டை உயிரோடு கட்டிக் கொடுத்தால்தான் வியாபாரி எடுப்பார். மற்றவர்கள் காலால் அமத்திப் பிடித்து, பின்பக்கத்தால் கயிற்றைப் போட்டு, நண்டைத் திட்டித் திட்டிக் கட்டுவார்கள். யோகன் நேரே கையை விடுவார். இரும்புக்கையன் என்ற பெயர் முகாமிலிருந்து துறைக்கு வந்து சேர்ந்தது.

நான் சொல்லும் நண்டு அவர் விரலில் தொங்கியது இதற்கும் பிறகு. எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்து, வன்னியில் நடந்துகொண்டிருந்த காலம்.

"எப்ப ஐயா தொடங்கப் போறீங்க?"

யோகனைப் பூவரச மரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். பையிலிருந்து கொஞ்சம் பஞ்செடுத்து முனையைத் திரித்துக்கொண்டேன்.

"கண்ண மூடுங்க. நான் தொடுற இடத்த விரலால காட்டுங்க."

நெற்றியில் தொட்டேன். சரியாகக் காட்டினார். கழுத்தில் தொட்டேன், காட்டினார். வலது கையில் தொட்டபோது தடுமாறினார். ஆட்காட்டி விரலில் தொட்டால் நடுவிரலைக் காட்டினார். "ஏதோ படுகுது, எங்கண்டு தெரியல்ல" என்றார்.

பிறகு இடது கைக்குப் போனேன். உள்ளங்கையின் ஓரம், சின்னவிரல், மோதிரவிரல், புறங்கை. பஞ்சை வைத்துவிட்டுப் பேனா முனையாலும் தொட்டுப் பார்த்தேன். யோகன் கண்ணை மூடியபடி பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "எப்ப ஐயா தொடங்கப் போறீங்க?" என்று கேட்டார்.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதுகில் உள்ளங்கை அகலத்தில் வெளிறிய படை ஒன்று கிடந்தது. "அது தேமல் ஐயா. பூமணி பூவரசங்காய்ப் பால் பூசினவ. போகல்ல" என்றார். பூமணி அவருடைய மனைவி. அந்தப் படைக்குள் பேனா முனையை வைத்து அழுத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொழுநோய் தோலைத் தின்னும், விரலைத் தின்னும் என்றுதான் நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். அது முதலில் பிடிப்பது நரம்பை. நரம்பு செத்தால் நோவு போய்விடும். நோவு போன கையை நெருப்பும் நண்டும் கத்தியும் தின்னும். ஆள் அறியமாட்டார். நோவு என்பது உடம்புக்கு ஒரு காவல்காரன் என்பதை நான் அந்த மரத்தடியில் யோகனுக்கு விளக்கினேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"கடல் தண்ணி குடிச்சனான் ஐயா. அதாலயா?"

இல்லை. இந்தக் கிருமி உடம்புக்குள் வந்து வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்கும். கடல் வர முன்னமே வந்திருக்க வேண்டும். மருந்தெடுக்காத நோயாளி ஒருவரோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால் மூச்சால் வரலாம். வந்தாலும் பெரும்பாலானவர்களின் உடம்பு அதைத் தானே விரட்டிவிடும். கொஞ்சப் பேருக்குத்தான் அந்தப் பலம் இல்லாமல் போகிறது. ஏன் யோகனுக்கு இல்லாமல் போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

தோணி

பட்டணத்துத் தோல் கிளினிக்கில் இருந்த டொக்டர் இளம்பெண், தெற்கிலிருந்து வந்து தமிழ் படித்த சிங்களவர். யோகனின் முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவினார். என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். தோலுக்கடியில் நரம்பு தூண்டில் கயிறு போல் தடித்துக் கிடந்தது. காது மடலில் சின்னக் கீறல் போட்டுக் கண்ணாடித் தட்டில் தேய்த்தெடுத்தார்.

முடிவு வந்தபிறகு மெதுவாகச் சொன்னார். இடது கையில் அந்த இரண்டு விரல்களும் வருடக்கணக்காகச் செத்துக் கிடப்பவை, உணர்ச்சி திரும்பாது. வலது கையில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. உடனே மருந்தைத் தொடங்கி, ஒரு வருடம் விடாமல் எடுத்தால் அந்தக் கையைக் காப்பாற்றலாம். நரம்பு வீக்கத்துக்குத் தனிக் குளிசையும் தந்தார்.

"எப்ப ஏத்துவீங்க?" என்று யோகன் கேட்டார்.

"எங்கே ஏற்றுவது?" டொக்டருக்கு விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது. எங்கள் வாவிக்கு நடுவே ஒரு தீவு இருக்கிறது. முற்காலத்தில் பெருவியாதி வந்தவர்களைத் தோணியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் வைப்பார்கள். போனவர்கள் ஊருக்குத் திரும்புவதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது சோறு தின்ன மறுத்தால் "தோணிக்காரன் வாறான்" என்றுதான் வெருட்டுவார்கள். நான் சொல்லும் காலத்தில் போக்கிடம் இல்லாத சில வயதானவர்கள் மட்டுமே அங்கே மிஞ்சியிருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்து குளிசை குடித்துவிட்டுத் தங்கள் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வேளை மருந்து போனதுமே நோய் அடுத்தவருக்குத் தொற்றாது என்று அவருக்குப் பல தடவை சொன்னேன். யோகன் தலையாட்டினார். பஸ்ஸில் வரும்போது வாவியைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீடு யாருடையது

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்களுக்குள் வீடு பெண்ணுக்கு. ஆண் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். பிணக்கு வந்தால் சாரத்தையும் சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு தாய் வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ நடப்பவனும் அவன்தான். என் மனைவி இதை மாதத்தில் ஒரு தடவையாவது எனக்கு நினைவூட்டுவாள்.

யோகனுக்கு நடந்துபோக வீடு இல்லை. தாயும் அக்காவும் அந்த வீட்டோடு போய்விட்டார்கள். பூமணியின் வளவில் கட்டிய புதுவீடுதான் அவருக்கு இருந்த ஒரே கூரை.

"பூமணிக்குச் சொல்லாதீங்க ஐயா" என்றார் பஸ்ஸால் இறங்கியதும். "அவ போ எண்டு சொன்னா நான் எங்க போற? தீவுக்குத்தான்."

"நான் சொல்லமாட்டன். நீங்கதான் சொல்லணும். அவவையும் பிள்ளைகளையும் நான் பார்க்க வேணும் யோகன்."

"கொஞ்ச நாள் தாங்க."

கொடுத்தேன். ஆனால் மனிதர் செய்த வேலையைப் பாருங்கள். நண்டுக் கூட்டுக்குக் காவல் என்று சொல்லி வாவிக்கரையில் மீன்பிடிக்காரர் தங்கும் வாடிக்குப் போய்ப் படுக்கத் தொடங்கினார். மருந்தை அங்கேதான் வைத்திருந்தார். மாதம் ஒருமுறை நான் வேலை பார்க்கும் கந்தோருக்கு வந்து என் கண் முன்னால் பெரிய வேளை மருந்தைக் குடிப்பார். முதல் தடவை குடித்த அன்றே சைக்கிளில் பறந்து வந்து, "மூத்திரத்தில ரத்தம் போகுது ஐயா, சாகப்போறன்" என்றார். சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். காதில் ஏறவில்லை. சில வாரங்களில் தோலும் கறுக்கத் தொடங்கியது. அதுவும் அதே மருந்தின் வேலைதான், பிறகு தெளியும்.

மருந்தை ஒருநாளும் விடவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. நான் எத்தனை தடவை கேட்டாலும் "நாளைக்குச் சொல்லுறன்" என்பார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பூமணியையும் பிள்ளைகளையும் நான் சோதித்துப் பார்க்க விடாமல் அவர் மறைக்கும் ஒவ்வொரு வாரமும் என் நித்திரையைக் கெடுத்தது.

"ஆரு ஐயா அவள்?"

ஒரு காலைநேரம் என் கந்தோர் வாசலில் ஒரு சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. நிறுத்தியது அல்ல, விழுத்தியது. பூமணி உள்ளே வந்தார். மெலிந்த, உயரமான பெண். என் மேசையில் கையை ஊன்றினார்.

"ஆரு ஐயா அவள்?"

"எவள்?"

"எனக்கு வேலை காட்டாதீங்க. கூட்டுக்குக் காவலாம். இருட்டினா வாவியில ஆமி ஒருத்தரையும் விடாது. பிறகென்ன காவல்? உங்களிட்ட மாதா மாதம் வந்து போறார். பெரியாஸ்பத்திரியில கிளினிக்குக் கதிரையில இருந்ததச் சனம் கண்டிருக்கு. அவளுக்குப் புள்ள கிடைக்கப் போகுதா? ஆளும் கறுத்துப் போனாரு. மருந்து வச்சிட்டாளோ?"

மருந்து வைத்தது நானும் டொக்டரும்தான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "நான் சொல்ல ஏலாது பூமணி" என்றேன். அதைவிட மோசமான பதில் ஒன்றை நான் தேடியும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவருடைய முகம் அப்படியே இறுகியது.

"அப்ப உண்மைதான்" என்றார்.

"வாங்க, அவரிட்டயே போவம்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அவர் சைக்கிளில் முன்னால் போனார். அவருக்குப் பின்னால் நான் மெதுவாகப் போனேன். வழியெல்லாம் சனம் பார்த்தது.

வாடிக்குள் யோகன் ஒரு பேசினில் தண்ணீர் வைத்து இரண்டு கைகளையும் ஊறப்போட்டுக்கொண்டு இருந்தார். காய்ந்து வெடிக்காமல் இருக்க டொக்டர் சொல்லிக்கொடுத்த முறை அது. எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். கை தண்ணீருக்குள்ளேயே கிடந்தது.

பூமணி வாடியின் நாலு மூலையையும் பார்த்தார். பாயைப் பார்த்தார். கயிற்றில் ஒரு சாரம் மட்டும் தொங்கியது.

"எங்க அவள்?"

யோகன் என்னைப் பார்த்தார். நான் வாவியைப் பார்த்தேன்.

"பெருவியாதி பூமணி" என்றார். "எனக்குப் பெருவியாதி."

பூமணி பாயை இன்னொரு தடவை பார்த்தார்.

"வேற?"

"வேற ஒண்டுமில்ல."

"பொம்புள ஒருத்தியும் இல்லயா?"

"இந்தக் கையோட ஆருகா வருவா?"

பூமணி மணலில் சப்பென்று உட்கார்ந்து ஒப்பாரி போல் அழத் தொடங்கினார். அழுகைக்கு நடுவே ஏச்சும் வந்தது. "மாதக்கணக்கா நான் ஊரில உள்ள பொம்புளைகள்ர முகத்தையெல்லாம் பாத்துப் பாத்துத் திரியிறன். அம்மனுக்கு மடிப்பிச்சைக்கு நேந்து வச்சிருக்கன். வருத்தமெண்டு ஒரு சொல்லுச் சொல்லப்படாதா? நான் என்ன, தோணிக்காரியா?"

பிறகு மூக்கைச் சீறிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒட்டுமா ஐயா?"

"மருந்து தொடங்கின பிறகு ஒட்டாது. ஆனா முன்னம் ஒட்டியிருந்தா? அதுக்குத்தான் உங்களையும் பிள்ளைகளையும் பார்க்கோணும்."

"அப்ப ஒட்டாத மனிசன் எதுக்கு இஞ்ச கிடக்காரு?"

யோகன் தலையைக் குனிந்துகொண்டு, "வீடு உன்ட வீடு" என்றார்.

"ஓம். என்ட வீடுதான்." பூமணி எழும்பி மணலைத் தட்டிவிட்டார். "என்ட வீட்டில ஆரு இருக்கிறண்டு நான்தான் சொல்லுற. எழும்புங்க."

பேசினைத் தண்ணீரோடு அவரே தூக்கிக் கவிழ்த்துவிட்டு இடுப்பில் வைத்துக்கொண்டார். யோகன் பாயைச் சுருட்டினார். இருவரும் சைக்கிளை நடுவில் உருட்டிக்கொண்டு போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சுகாதார வேலைக்கு வந்ததற்காக நான் சந்தோசப்பட்ட நாட்களில் அது ஒன்று.

பிறகு

பூமணியின் உடம்பில் ஒன்றுமில்லை. மூத்த மகளுக்கும் இல்லை. இளையவளின் தொடையில் காசளவு வெளிறிய புள்ளி ஒன்று இருந்தது. ஆறு மாத மருந்தில் அது தடமில்லாமல் போனது. அந்தப் புள்ளியைக் கண்ட அன்று யோகன் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். பூமணிதான் பிடித்து இழுத்தார்.

கதை ஊருக்குள் பரவாமல் இருக்குமா? பக்கத்து வீடுகளில் சிலர் அவர்கள் கிணற்றில் அள்ளுவதை விட்டார்கள். நான் அந்த வழியால் போகும்போதெல்லாம் வளவுக்குள் நுழைந்து, வேலிக்கு வெளியே கேட்கும்படி "பூமணி, தேத்தண்ணி" என்று கத்துவேன். யோகன் கையால் கொண்டுவந்து தருவார். முற்றத்தில் நின்று குடிப்பேன். காத்தான்குடி வியாபாரி, நாங்கள் காக்கா என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணன், நண்டெடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் யோகன் வெறுங்கையால் கட்டிய நண்டை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லச் சொன்னது பூமணி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பூமணி துறைக்கு வரத் தொடங்கினார். யோகன் நண்டைக் காலால் அமத்துவார், பூமணி கட்டுவார். வீட்டில் அடுப்புப் பக்கம் யோகனைச் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு மாலையும் பூமணி அவருடைய கையை ஊறவைத்து, தேங்காயெண்ணெய் பூசி, விரல் விரலாகக் காயம் தேடுவார். இடது கையின் இரண்டு விரல்கள் மெல்ல வளைந்து நின்றுவிட்டன. வலது கையைப் பற்றி யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் பஞ்சால் தொடும்போது யோகன் சில நாள் சரியாகக் காட்டுவார், சில நாள் பிழையாகக் காட்டுவார். பூமணி அருகில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன கிழமை அது. பட்டணத்துச் சந்திகளில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஊர் வீடுகளில் சனம் கதவைச் சாத்திக்கொண்டு, வன்னியில் இருந்த சொந்தக்காரர்களின் பெயர்களை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. யோகனுக்குக் கடைசி மாத மருந்தைக் கொடுக்க நான் துறைக்குப் போனேன். படகை இழுத்து வைத்துவிட்டு ஆட்கள் பேச்சில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

திடீரென்று ஒரு ஆண் குரல் வீரிட்டது.

அந்தக் காலத்தில் ஒருவர் அப்படிக் கத்தினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இரண்டு பேர் மணலில் விழுந்து படுத்தார்கள். ஒருவர் கண்டலுக்குள் ஓடினார். நான் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டுச் சத்தம் வந்த பக்கம் ஓடினேன்.

யோகன் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தார். கால் வழுக்கி, அமத்தியிருந்த நண்டு தப்பி, ஆட்காட்டி விரலைக் கவ்வியிருந்தது. அவர் வாயிலிருந்து வந்த சொற்களை இந்தப் பத்திரிகை அச்சிடாது. கண்கள் பிதுங்க, "ஐயோ, நோகுது, நோகுது" என்று வாவி அதிரக் கத்தினார். வியாபாரி நண்டைத் திருகிப் பிடுங்க ஓடிவந்தார்.

பூமணி குறுக்கே கையை நீட்டி அவரை மறித்தார். பூமணியின் கன்னங்கள் இரண்டும் நனைந்திருந்தன.

"பொறுங்க காக்கா" என்றார். "இன்னும் கொஞ்சம் கத்தட்டும்."